மாதக் கடைசி லோடு

ஜீவனஹள்ளி, பெங்களூர்
18.1.2000

அன்புள்ள வித்யா,

வந்து சேர்ந்தேன். கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் பஸ் பஞ்சர். கலாசிப்பாளையத்தில் இறங்கும்போதே ஆபீஸ் நேரம் ஆகிவிட்டதால் குளிக்காமல் நேரே போய்விட்டேன். நீ கட்டிக்கொடுத்த புளியோதரையை நானும் டிஸ்பாட்ச் பிரிவு ரெமிஜியஸும் மத்தியானம் சாப்பிட்டோம். பாதிக்கு மேல் அவன்தான் சாப்பிட்டான்.

பொங்கலுக்கு வந்தவன் சண்டை போட்டுவிட்டுத் திரும்பியது எனக்கே அலுப்பாக இருக்கிறது. வேலையை விட்டுவிட்டு பெங்களூர் வா என்று நான் சொல்வதும், நீங்கள் விட்டுவிட்டுத் திருச்சிக்கு வாருங்கள் என்று நீ சொல்வதும் புதிதல்ல. கல்யாணமான நாளிலிருந்து இதே பாட்டுத்தான். ஆனால் இந்தத் தடவை ரூபினி நம் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் கிளம்பும்போது நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய். டாட்டா காட்டியது அவள் மட்டும்தான்.

இதையெல்லாம் போனில் பேச முடியாது. வீட்டுக்கார அல்போன்சா டீச்சரின் கூடத்தில் நின்றுகொண்டு நீ "உம், உம்" என்பாய். டீச்சர் டி.வி. சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொள்வார். அதனால்தான் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். கம்பெனி தமிழ்நாட்டில் இரண்டாவது டிப்போ திறக்கப் போகிறது. இப்போது சென்னையில் மட்டும்தான் இருக்கிறது. தெற்கே போகிற பிஸ்கட் எல்லாம் அங்கே இறங்கி, மறுபடி ஏறி, நாகர்கோவில் போய்ச் சேருவதற்குள் பாதி தூளாகிவிடுகிறது. புது டிப்போ திருச்சியிலா, மதுரையிலா என்று கணக்குப் பார்த்துச் சொல்லும் வேலையை சேஷகிரி சார் என்னிடம் கொடுத்திருக்கிறார். "கணக்கு போடறவரே போய் நடத்தினா நல்லாயிருக்கும், கோதண்டராமன்" என்று அவர் வாயாலேயே சொன்னார். திருச்சி என்று வந்தால் நான் அங்கேயே வந்துவிடுவேன். நீயும் வேலையை விட வேண்டாம், நானும் விட வேண்டாம்.

பஸ் ஸ்டாண்டில் ரூபினி என்னிடம் கேட்டாள், "அப்பா, நீ பிஸ்கட் செய்வியா?" என்று. இல்லையம்மா, எந்த லாரி எந்த ஊருக்கு எப்போது போகணும் என்று சொல்கிறவன் நான் என்றேன். என் கார்டில் சப்ளை செயின் அனலிஸ்ட் என்று போட்டிருப்பதற்கு அதைவிட நல்ல விளக்கம் எனக்கும் தெரியாது. "அப்ப நீ உன் லாரியிலேயே தினமும் வரலாமே" என்றாள்.

இப்போதைக்கு யாரிடமும் சொல்லாதே.

கோதண்டராமன்

*

புத்தூர், திருச்சி
25.1.2000

உங்களுக்கு,

சண்டை போட்ட பிறகு "அன்புள்ள" என்று எழுதக் கை வரவில்லை. அடுத்த கடிதத்தில் பார்க்கலாம்.

கடிதத்தை ட்ரெஷரியில் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். வீட்டில் படித்தால் உங்கள் மகள் "எனக்கு என்ன எழுதியிருக்கு?" என்று பிடுங்குகிறாள். போன தடவை கிழித்தே விட்டாள்.

கருவூலத்தில் கிளார்க் வேலை என்ன பெரிய வேலை என்று பொங்கலன்று கேட்டீர்களே, அது இன்னும் மனசுக்குள் குத்திக்கொண்டே இருக்கிறது. அப்பா போன பிறகு அம்மாவும் நானும் கலெக்டர் ஆபீஸ் படி ஏறி ஏறி வாங்கிய வேலை. கர்நாடகத்துக்கு மாற்றல் கிடையாது. உங்கள் பிஸ்கட் கம்பெனி நாளைக்கே கதவைச் சாத்தினால் மூன்று பேரும் இந்த வேலையில்தான் சாப்பிட வேண்டும். அதனால்தான் விடமாட்டேன் என்கிறேன். அதற்குப் பிடிவாதம் என்று நீங்கள் பேர் வைத்தால் வைத்துக்கொள்ளுங்கள்.

டிப்போ விஷயத்தை நம்பலாமா? போன வருஷம் ஈரோடு என்றீர்கள். அதற்கு முந்தின வருஷம் சேலம் என்றீர்கள். இலவு காத்த கிளியாக என்னை எத்தனை வருஷம் உட்கார வைப்பதாக உத்தேசம்?

இப்படிக் கேட்டுவிட்டேனே தவிர, படித்த நிமிஷத்திலிருந்து மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை. டீச்சர் வீட்டின் கீழ்ப்போர்ஷன் அடுத்த மாதம் காலியாகிறது. இரண்டு அறை, தனி சமையலறை, பின்னால் துணி காயப்போட இடம். நம் மாடி அறையில் மூன்று பேர் படுத்தால் ஒருத்தர் திரும்ப மற்ற இருவரும் எழுந்திருக்க வேண்டும். "வேற யாருக்கும் விட்டுடாதீங்க டீச்சர்" என்று சொல்லிவைத்தேன். காரணம் சொல்லவில்லை. "என்னடி, உன் வீட்டுக்காரர் வந்துடறாரா?" என்று அவரே கேட்டார். சிரித்துவைத்தேன்.

வித்யா

*

ஜீவனஹள்ளி
7.2.2000

அன்புள்ள வித்யா,

ஜனவரிக் கணக்கை முடித்துவிட்டு இன்றைக்குத்தான் உட்கார்ந்தேன். கண் எரிகிறது. உனக்குத் தெரியாததல்ல, எங்கள் கம்பெனியில் மாதம் முழுக்க யாரும் எதையும் விற்பதில்லை. கடைசி ஐந்து நாளில் உலகத்தையே விற்றுவிடுவார்கள். கடைகளுக்குச் சரக்குப் பிரித்துக் கொடுக்கிற ஸ்டாக்கிஸ்ட்கள் வேண்டாம் வேண்டாம் என்றாலும் பில் போட்டு லாரியில் ஏற்றிவிடுவது. டார்கெட் முடிந்தது என்று கேசரி சாப்பிடுவது. ஐந்தாம் தேதி அதில் பாதி அதே லாரியில் திரும்பி வந்து இறங்கும். விற்பனை என்று எழுதிய கையாலேயே நான் ரிட்டர்ன் என்று எழுத வேண்டும். ஒன்பது வருஷமாக இதைத்தான் செய்கிறேன்.

டிப்போ கணக்கை முடித்துவிட்டேன். மதுரை என்று வருகிறது.

மறுபடி மறுபடி போட்டுப் பார்த்தேன். மதுரையிலிருந்து திருநெல்வேலி, தூத்துக்குடி, நாகர்கோவில் எல்லாம் லாரிக்கு ஒரே மூச்சு. திருச்சியில் இறக்கி அனுப்பினால் கூடுதலாக ஒரு நாள் ஆகும், குலுங்கிக் குலுங்கி உடைசலும் அதிகமாகும். திருச்சிக்குப் பக்கத்தில் இருப்பது தஞ்சாவூர், நாகப்பட்டினம். அங்கே நம் பிஸ்கட் அவ்வளவாகப் போவதில்லை.

ஆனால் ஒரு கட்டம் இருக்கிறது. கம்ப்யூட்டரில் கணக்குப் போடும் தாளில் ஒரே ஒரு கட்டம். தஞ்சாவூர்ப் பக்கம் இனிமேல் விற்பனை வருஷத்துக்கு எவ்வளவு கூடும் என்பதை அதில் போட வேண்டும். அது ஊகம்தான். நான் ஐந்து சதவீதம் போட்டிருக்கிறேன். பதினைந்து என்று போட்டால் திருச்சி ஜெயித்துவிடும். ஏன் என்று யாரும் கேட்கப் போவதில்லை.

ரெமிஜியஸ் தோளில் தட்டுகிறான். "இன்னா குரு, இதுக்குப் போய் மண்டைய ஒடைச்சிக்கினு கீறே. சொல்ப, கொஞ்சமா ஏத்திப் போடு. மதுரையில எறங்குறமா திருச்சியில எறங்குறமான்னு பிஸ்கட்டுக்கு இன்னா தெரியும்?" அவன் மர்பி டவுனில் பிறந்து, மர்பி டவுனிலேயே பெண் எடுத்து, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்வருகிறவன். அவனுக்கு எல்லாம் சுலபம்.

உன்னிடம் மறைத்துவிட்டு எதையும் செய்ய மனமில்லை. நீ என்ன நினைக்கிறாய்?

கோதண்டராமன்

*

புத்தூர்
13.2.2000

அன்புள்ள உங்களுக்கு,

பார்த்தீர்களா, எழுதிவிட்டேன்.

இதை என்னிடம் ஏன் கேட்கிறீர்கள்? மாற்றுங்கள் என்றால் பாவம் என் தலையில். வேண்டாம் என்றால் பழி என் தலையில். நல்ல ஆள் நீங்கள்.

சரி, கேட்டதற்குச் சொல்கிறேன். விற்காததை விற்றதாக எழுதி, மாதாமாதம் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கம்பெனி உங்களுடையது. அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்பது வருஷமாகப் பரிமாறிக்கொண்டிருக்கிறீர்கள். இப்போது நீங்கள் ஒரே ஒரு சுண்டைக்காயை மறைத்தால் வானம் இடிந்து விழுந்துவிடுமா? அது ஊகம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உங்கள் ஊகம் நம் பக்கமாக இருக்கக் கூடாது என்று சட்டமா?

போன வாரம் ரூபினிக்குக் காய்ச்சல். போனில் சொல்லவில்லை, சொன்னால் நீங்கள் அங்கே உட்கார்ந்து என்ன செய்வீர்கள்? காலையில் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு டாக்டர், அங்கிருந்து டீச்சர் வீடு, அங்கிருந்து ஆபீஸ். சாயங்காலம் வந்தால் டீச்சரின் மடியில் தூங்கிக்கொண்டிருக்கிறாள். எழுப்பித் தூக்கிக்கொண்டு மாடி ஏறும்போது, இந்தக் கனத்தைப் பாதி வழி ஒருத்தர் வாங்கிக்கொண்டால் போதும் என்று தோன்றியது. வேறு பெரிய ஆசை எதுவும் இல்லை.

நான் களைத்துவிட்டேன். இப்போதெல்லாம் உங்கள் மேல் முன்போலக் கோபம்கூட வருவதில்லை. நீங்கள் இல்லாமலே எல்லாம் பழகிப்போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதினைந்து என்று போடுங்கள்.

வித்யா

*

ஜீவனஹள்ளி
6.3.2000

அன்புள்ள வித்யா,

ரிப்போர்ட்டைக் கொடுத்துவிட்டேன். மேலே இருப்பவர்கள் எப்போது முடிவு செய்வார்கள் என்று தெரியாது. இதைப் பற்றி இப்போது எதுவும் கேட்காதே.

ரூபினி பிறந்தநாளுக்கு வழக்கம்போலத்தான், அன்றைக்கு வர முடியாது. மார்ச் முப்பத்தொன்று வருஷக் கணக்கு முடிகிற நாள். வாட்ச்மேனுக்குக்கூட லீவு கிடையாது. ஏப்ரல் இரண்டு ஞாயிற்றுக்கிழமை, காலையில் வந்துவிடுவேன். காக்ஸ் டவுன் பேக்கரியில் கேக் சொல்லியிருக்கிறேன். பிஸ்கட்டை நொறுங்காமல் அனுப்புவது எப்படி என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன், ஒரு கேக்கை நொறுங்காமல் கொண்டுவருகிறேனா என்று பார்.

பள்ளிக்கூட விண்ணப்பத்தை வாங்கிவை. நான் வந்து நிரப்புகிறேன்.

கோதண்டராமன்

*

புத்தூர்
14.3.2000

அன்புள்ள உங்களுக்கு,

கொடுத்துவிட்டேன் என்று எழுதினீர்கள். என்ன கொடுத்தீர்கள் என்று எழுதவில்லை. கேட்காதே என்றதால் கேட்கவில்லை. நல்லதாகவே எடுத்துக்கொள்கிறேன்.

மார்ச் முப்பத்தொன்றுக்கு உங்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். அன்றைக்கு எனக்கும் தலை நிமிர முடியாது. மாவட்டத்தில் உள்ள ஆபீஸ் எல்லாம் பில்லைத் தூக்கிக்கொண்டு ட்ரெஷரி வாசலில் நிற்கும். அன்று பாஸ் ஆகாவிட்டால் அரசாங்கம் ஒதுக்கிய பணம் திரும்பிப் போய்விடும். இவளைப் பெற்ற அன்று எங்கள் சூப்பரின்டெண்ட் ஆஸ்பத்திரிக்கு வந்து, "உம் பொண்ணுக்கு வேற நாளே கிடைக்கலியாம்மா?" என்று கேட்டாரே, ஞாபகம் இருக்கிறதா? உங்களுக்கு எப்படி இருக்கும், நீங்கள் வந்தது மூன்றாம் நாள்.

போன வருஷம் அந்தத் தேதியில் டீச்சர்தான் பாயசம் வைத்துக் கொடுத்திருக்கிறார். "இன்னிக்கு உனக்குப் பொறந்தநாள்டி கண்ணு" என்றாராம். "இல்ல டீச்சர், அப்பா இன்னும் வரலையே" என்றாளாம் இவள். அவளுக்கு அதுதான் கணக்கு.

கீழ்ப்போர்ஷன் காலியாகிவிட்டது. டீச்சர் வெள்ளையடிக்கப் போகிறார். "என்ன கலர் அடிக்கட்டும்?" என்று என்னிடம் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் ரூபினி "பச்சை" என்றாள். பச்சையே அடிக்கிறார்கள்.

வித்யா

*

புத்தூர்
30.4.2000

இன்று சாயங்காலம் கீழே ஆட்டோ வந்து நின்றது. புருஷன், பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள். பெங்களூரிலிருந்து வருகிறோம், வீடு பார்க்கிறோம் என்றார்கள். அவர் பெயர் சந்திரசேகரன். பிஸ்கட் கம்பெனி. திருச்சியில் புது டிப்போ திறக்கிறார்களாம், அவர்தான் மேனேஜராம்.

திருச்சி என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்குச் சந்தோஷத்தில் காது அடைத்துவிட்டது. மேனேஜர் என்ற வார்த்தை அதற்குப் பிறகுதான் காதில் விழுந்தது.

அந்த அம்மாள் பெயர் லாவண்யா. கள்ளம் கபடம் இல்லாத பெண். நான் இன்னார் என்று தெரிந்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள். "கோதண்டராமன் சார் வீடா நீங்க? ஐயோ, சார்தான் மதுரை மதுரைன்னு எழுதிக் குடுத்துட்டாராமே! எனக்கு உயிரே போயிடுச்சு. எங்கம்மா வீடு தஞ்சாவூரு. நல்லவேளை, எம்.டி.யோட சம்பந்திக்கு இங்க ஒரு அரிசி மில்லு சும்மா பூட்டிக் கெடந்துச்சாம். அதுலயே டிப்போவைப் போட்டுடலாம்னு சொல்லிட்டாங்க" என்றாள். இன்னொன்றும் சொன்னாள். உங்களைத்தான் முதலில் நினைத்தார்களாம். "திருச்சியே தப்புன்னு எழுதினவரை எப்படித் திருச்சிக்கு அனுப்புறது" என்று சேஷகிரி சார் கேட்டாராம்.

ஏப்ரல் இரண்டாம் தேதி வந்தீர்கள். கேக் ஒரு ஓரம்கூட நசுங்கவில்லை. டீச்சர் பச்சை அடித்த அறையைத் திறந்து காட்ட, நாம் மூன்று பேரும் அங்கேயே உட்கார்ந்தோம். ரூபினியின் விண்ணப்பத்தை அந்தத் தரையில் உட்கார்ந்துதான் நிரப்பினீர்கள். கட்டில் எங்கே போடலாம் என்று நான் கேட்டேன். ஜன்னல் ஓரமாகப் போடு என்றீர்கள். மதுரை என்று எழுதிக்கொடுத்துவிட்டு வந்த மனிதர், ஜன்னல் ஓரமாகக் கட்டிலைப் போடு என்றீர்கள்.

டீச்சர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வித்யா, நான் என்ன சொல்லட்டும் இவங்களுக்கு?" என்றார். கொடுத்துவிடுங்கள் என்றேன்.

போன் செய்யாதீர்கள். கூப்பிட்டாலும் கீழே இறங்கி வந்து எடுக்கமாட்டேன்.

*

ஜீவனஹள்ளி
8.5.2000

அன்புள்ள வித்யா,

போன் செய்தேன். நீ சொன்னபடியே வரவில்லை.

கட்டில் விஷயத்தில் நான் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. முடிவு இன்னும் தெரியாமல் இருந்தது உண்மை. ஆனால் அதற்காகச் சொல்லவில்லை. அந்த அறையில் நீ சிரித்துக்கொண்டு நின்றாய், ரூபினி சுவரில் கன்னத்தை வைத்துப் பார்த்தாள். அந்த ஒரு நாள் எனக்கு வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

பதினைந்து என்று போட்டேன், வித்யா. உன் கடிதம் வந்த மறுநாளே போட்டேன். திருச்சி என்று வந்தது. ஒரு மத்தியானம் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு ஐந்து என்று திரும்பப் போட்டுவிட்டேன்.

பூசணிக்காய் பற்றி நீ எழுதியது என்னைச் சுட்டது. மாதக் கடைசிப் பொய் நான் உண்டாக்கியதல்ல, யாரோ சொல்வதை எழுதி வைக்கிறேன், ஐந்தாம் தேதி திரும்பி வந்ததையும் ஒளிக்காமல் எழுதி வைக்கிறேன் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டு இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறேன். இது நானே உட்கார்ந்து உண்டாக்குகிற பொய். நாகர்கோவிலில் ஒரு கடைக்காரர் பாக்கெட்டைப் பிரித்துத் தூளைக் கொட்டிக் காட்டும்போது, ஏன் நொறுங்கியது என்று உலகத்திலேயே எனக்கு மட்டும்தான் தெரிந்திருக்கும். அந்தத் தூளை வைத்துக்கொண்டு உன் பக்கத்தில் எப்படி உட்காருவேன் என்று தோன்றியது.

இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைப்பட ஒன்றுமில்லை. என் ரிப்போர்ட்டை அவர்கள் பிரித்தே பார்க்கவில்லை. முதல் பக்கத்தில் மதுரை என்று இருந்ததைப் படித்ததோடு சரி. என் கைக்குத் திரும்பி வந்தபோது மற்ற தாள்கள் விரல் படாமல் அப்படியே இருந்தன. நான் பொய் சொல்லியிருந்தாலும் டிப்போ திருச்சிதான், உண்மை சொன்னாலும் திருச்சிதான். பொய் சொல்லியிருந்தால் நான் இப்போது அங்கே இருப்பேன்.

ரெமிஜியஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஏதாவது கிண்டல் செய்வான் என்று பார்த்தேன். டீ வாங்கிக் கொடுத்துவிட்டு லோடு ஏற்றப் போய்விட்டான்.

நான் எங்கே தப்புச் செய்தேன் என்று எனக்கே தெரியவில்லை. உனக்குத் தெரிந்தால் எழுது.

கோதண்டராமன்

*

புத்தூர்
21.5.2000

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எழுத வைத்துவிட்டீர்கள்.

வெள்ளிக்கிழமை ரூபினியின் பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் அனுப்பினார்கள். அவளையும் அழைத்துக்கொண்டு போனேன். ஹெட்மிஸ்ட்ரஸ் இரண்டு தாளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறப்புச் சான்றிதழில் மார்ச் முப்பத்தொன்று. விண்ணப்பத்தில் ஏப்ரல் இரண்டு.

"யாரும்மா நிரப்பினது?"

"அவங்க அப்பா, மேடம்."

"பெத்த பொண்ணோட பொறந்தநாள் தெரியாதா அவருக்கு? என்ன வேலை பாக்கிறார்?"

கணக்குப் போடுகிற வேலை என்று எப்படிச் சொல்வது? எந்தச் சரக்கு எந்தத் தேதிக்கு எங்கே இருக்க வேண்டும் என்று ஊருக்குச் சொல்கிற மனிதர், பெண் பிறந்த தேதியைத் தப்பாக எழுதிவிட்டார் என்று வயிறு எரிந்தது. வீட்டுக்குப் போய் நாலு பக்கத்துக்கு உங்களைத் திட்டி எழுத வேண்டும் என்று மனசுக்குள் வாசகங்களை எல்லாம் தயார் செய்துகொண்டேன்.

அப்போது அந்த அம்மாள், "சரி, நீங்களாவது சொல்லுங்க, இதுல எது சரி?" என்றார். பெற்றவள் நான். ஒரு நொடி எனக்கும் ஏப்ரல் இரண்டு என்றுதான் நாக்கு நுனிக்கு வந்தது. ஒவ்வொரு வருஷமும் உங்கள் கணக்கு முடிந்து, என் கணக்கும் முடிந்து, அதற்கப்புறம்தானே அவளுக்குக் கேக் வெட்டியிருக்கிறோம். முப்பத்தொன்றாம் தேதி அவள் நெற்றியில் நான் ஒரு முத்தம் கொடுத்த ஞாபகம்கூட இல்லை. சேலையைச் சுற்றிக்கொண்டு ஓடியிருக்கிறேன்.

நான் முழிப்பதைப் பார்த்து ரூபினியே பதில் சொன்னாள். "ரெண்டும் இல்ல மிஸ். எங்கப்பா என்னிக்கு வர்றாரோ அன்னிக்கு." ஹெட்மிஸ்ட்ரஸ் சிரித்துவிட்டார். நான் ஆட்டோவில் வரும்போது அழுதேன். "ஏம்மா, நான் தப்பாச் சொல்லிட்டேனா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

திருத்தும் இடத்தில், நிரப்பியவரே நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம். ஹெட்மிஸ்ட்ரஸ் நாளைக்கு ஊருக்குப் போகிறார். மே முப்பத்தொன்று ஒரு நாள்தான் ஆபீஸ் திறந்திருக்கும், மறுநாள் பள்ளிக்கூடம் தொடங்குவதற்குள் திருத்திவிட வேண்டுமாம். அது உங்கள் மாதக் கடைசி நாள் என்று எனக்குத் தெரியும். எனக்கும் அன்று சம்பளப் பில் வேலை குவிந்து கிடக்கும். காலையில் இரண்டு மணி நேரம் பர்மிஷன் கேட்டிருக்கிறேன். முறைத்துக்கொண்டே கொடுத்தார்கள்.

எங்கே தப்பு என்று கேட்டிருந்தீர்கள். மதுரை என்று எழுதியது தப்பு இல்லை. பதினைந்து போட்டுவிட்டு வந்திருந்தால் நொறுங்கிய பாக்கெட் ஒவ்வொன்றுக்கும் நீங்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். அதை என்னால் பார்த்திருக்க முடியாது. என்னிடம் சொல்லாமல் இருந்தீர்கள் பாருங்கள், அதுதான் தப்பு. அந்தக் கோபம் இன்னும் போகவில்லை. போகும்போது சொல்கிறேன்.

இன்னொன்று. கீழே சந்திரசேகரனிடம் சண்டை போடக் காந்தி மார்க்கெட் ஸ்டாக்கிஸ்ட் ஒருத்தர் வந்தார். பெருமாள்சாமி என்று பெயர். கிடங்கே இன்னும் சரியாகத் திறக்கவில்லை, அதற்குள் வேண்டாத சரக்கைத் தலையில் கட்டுகிறார்கள் என்று ஒரே சத்தம். லாவண்யா என்னைக் காட்டி அறிமுகம் செய்தாள். "ரிட்டர்ன் கணக்கை ஒளிக்காம எழுதுறவர் பெங்களூர்ல ஒருத்தர் இருக்கார்னு சொல்வாங்க, அவர் வீடா? கம்பெனி சரக்கைத் தள்ளுறப்ப எங்களுக்கு இவ்வளவுதான் வேணும்னு கணக்கோட எடுத்துச் சொல்ல எனக்கு ஒரு ஆள் வேணும்மா. வருவாரா?" என்றார். கோட்டும் கார்டும் உள்ள வேலை இல்லை. சம்பளமும் குறைவாகத்தான் இருக்கும். நான் வாருங்கள் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கேட்டதைச் சொல்கிறேன்.

நீங்கள் வருவீர்கள் என்று ரூபினியிடம் சொல்லவில்லை. வராவிட்டால் அவளுக்குச் சொல்லிச் சமாளிக்க என்னிடம் இனிமேல் வார்த்தை இல்லை.

வித்யா

*

பெங்களூர்
29.5.2000

அன்புள்ள வித்யா,

மாதக் கடைசியில் நான் உனக்கு எழுதுகிற முதல் கடிதம் இது. டிஸ்பாட்ச் வாசலில் நின்றுகொண்டு எழுதுகிறேன், கையெழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். தபாலில் போட்டால் நேரத்துக்கு வராது. திருச்சி டிப்போவுக்குப் போகிற லோடில் ரெமிஜியஸ் இதை டிரைவர் கையில் கொடுக்கிறான். சந்திரசேகரனிடம் போய், அவர் வீட்டுக்கு எடுத்துவந்து, லாவண்யா மாடி ஏறி உன்னிடம் கொடுப்பாள். ஐந்தாம் தேதி திரும்பி வராத ஒரு சரக்காவது இந்த லாரியில் போகட்டும்.

தேதியை எப்படித் தப்பாக எழுதினேன் என்று நாலு நாளாக யோசித்துப் பார்த்தேன். யோசித்து எழுதியிருந்தால்தானே தப்பு எங்கே என்று தெரியும்? பிறந்த தேதி என்ற இடத்தில் கை தானாக எழுதிவிட்டது. அன்றைக்குத்தானே கேக் வெட்டியிருந்தோம். எனக்கு வெட்கமாக இருக்கிறது, வித்யா. உனக்கும் நாக்கு நுனிக்கு அதுதான் வந்தது என்று நீ எழுதாமல் இருந்திருக்கலாம். என்னைத் தனியாக விடக்கூடாது என்றுதானே எழுதினாய்?

சேஷகிரி சாரிடம் லீவு கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மாசக் கடைசியில லீவா? ஒரு கையெழுத்துதானே, ஜூன் அஞ்சுக்கு மேல போங்க" என்றார். ஜூனில் போனால் ஆகாது சார் என்றேன். டார்கெட்டில் எவ்வளவு பாக்கி இருக்கிறது தெரியுமா என்றார். தெரியும் சார், அதில் எவ்வளவு திரும்பி வரும் என்பதும் தெரியும் என்றேன். இத்தனை வருஷத்தில் அவரிடம் இப்படிப் பேசியதே இல்லை. "சரி, போயிட்டு வாங்க. வந்தப்புறம் பேசிக்கலாம்" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் நேற்று நன்றாகத் தூங்கினேன்.

பெருமாள்சாமியை வியாழக்கிழமை பார்க்கிறேன் என்று சொல்லிவை. சேருவேன் என்று இப்போதே சொல்லவில்லை. இந்தத் தடவை எதைச் செய்தாலும் முதலில் உன்னிடம் சொல்லிவிட்டுத்தான்.

நாளைச் சாயங்காலம் பஸ். முப்பத்தொன்றாம் தேதி காலையில் நேரே பள்ளிக்கூட வாசலுக்கு வந்துவிடுகிறேன். நீ பர்மிஷன் வாங்கிய இரண்டு மணி நேரத்தை எனக்காகக் காத்திருந்து வீணாக்க வேண்டியிருக்காது.

ரூபினியிடம் தைரியமாகச் சொல்லிவிடு. உடனே அவள் பிறந்தநாளா என்று கேட்பாள், கேக் எங்கே என்பாள். கேக் கொண்டுவரவில்லை. பிறந்தநாளெல்லாம் இல்லை, அப்பா சும்மாத்தான் வருகிறார் என்று சொல்.

கோதண்டராமன்